ரோட்டுக்குக் கீழே போன வீடு

“நான் சொல்றத சொன்ன மாதிரியே எழுதுவியா புள்ள?”

சுப்பம்மா மாமி இதை என்னிடம் கேட்டது இந்த வருடம் மாசி மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம். அவருடைய வீட்டு விறாந்தையில் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். தலையை ஆட்டினேன்.

“தலைய ஆட்டுக்குட்டியுந்தான் ஆட்டும். வாயால சொல்லு.”

“ஓம் மாமி.”

“ஆங். அப்ப எழுது.”

எங்கள் ஒழுங்கை புளியங்குளம் சந்தியிலிருந்து நெடுங்கேணிப் பக்கம் போகிற ரோட்டில் நாலு கிலோமீற்றர் வந்து இடதுகைப் பக்கம் இறங்குகிறது. பதினெட்டு வீடுகள். தலைப்பில், மேட்டில், அம்மாவும் நானும். பக்கத்து வளவு கனகலிங்கம் பெரியப்பாவுடையது. அவர் அம்மாவின் அக்காவைக் கட்டியவர், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர். நடுவில், ஒழுங்கை வளைந்து பள்ளமாகும் இடத்தில், சுப்பம்மா மாமியும் கணபதி மாமாவும். மழை பெய்தால் தேக்கங்காட்டுப் பக்கமிருந்து இறங்கும் தண்ணீர் முழுவதும் அவர்களுடைய வளவின் ஓரத்தால் வந்து, ஒழுங்கையைக் குறுக்கே கடந்து, எதிரே உள்ள வெறுங்காணிக்குள் விழுந்து வாய்க்காலுக்குப் போகும். அந்த வெறுங்காணியும் பெரியப்பாவுடையதுதான். கனடாவுக்குப் போன ஒரு குடும்பத்திடமிருந்து வாங்கிப் போட்டிருந்தார்.

மாமா சின்ன வயதில் மலையில், தேயிலைத் தோட்டத்தில் கான் வெட்டியவர். மழைத் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாதபடி சரிவுக்குக் குறுக்கே வெட்டுகிற வாய்க்காலுக்கு அங்கே கான் என்று பெயர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு தகப்பனோடு வன்னிக்கு வந்தார். இங்கே காடு வெட்டினார், வயல் செய்தார், இடம்பெயர்ந்தார், திரும்பி வந்தார். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இரண்டு அறைக்கு விறாந்தையும் சிவப்புச் சீமெந்துத் தரையும் தன் கையால் போட்டார். தரை காய்ந்தபோது அவருடைய சிறுநீரகம் இரண்டும் பழுதாகியிருந்தன. கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்தம் செய்ய வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மாரியில் எங்கள் ஒழுங்கைக்குள் ஓட்டோ இறங்காது. ஆகவே பிளாஸ்ரிக் கதிரையில் அவரை இருத்தி, மாமி ஒரு பக்கமும் அம்மா மறுபக்கமும் பிடித்து, முழங்கால் சேற்றுக்குள்ளால் பெரிய ரோட்டுவரை தூக்கிப் போவார்கள். மாமா கதிரையில் இருந்தபடி, “சாமி ஊர்வலம் வருது, வழி விடுங்க,” என்று மாடுகளுக்குச் சொல்வார்.

ஆஸ்பத்திரியில் தருகிற மருந்து உறைகளில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பது அவர்களுக்கு விளங்காது. பத்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அந்த உறைகளில் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை. காலை இரண்டு, இரவு ஒன்று. பக்கத்தில் ஒரு சூரியன், ஒரு நிலா. மாமாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். மாமிக்குத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு உறையையும் பார்த்தவுடன் எடுத்துவிடுவார். “ஒன் எழுத்துக்கு வாலு இருக்கு புள்ள. வரி முடியிற எடத்துல எல்லாம் அணிலு வாலு மாதிரி தூக்கி விட்டிருக்க,” என்பார். கூலி ஒரு சிரட்டை வறுத்த கச்சான், நிலக்கடலை.

மாசியில் ஸுஹைர் நானா வந்தார். புளியங்குளத்தில் உரக்கடை வைத்திருப்பவர். அவருடைய தம்பி நவ்பர் புத்தளத்தில் இருந்து குடும்பத்தோடு திரும்பி வரப்போகிறார், வீடு தேடுகிறார்கள். சைக்கிளைப் பெரிய ரோட்டில் விட்டுவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு நடந்து வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். தரையில் வெறுங்காலால் நடந்து பார்த்தார்.

“அம்மா, வீடு சோக்கான வீடு. ஆனா இந்த ரோட்டால என்ர தம்பிர பொஞ்சாதி ஒருக்கா வந்தாவெண்டா, திரும்பிப் புத்தளத்துக்கே நடந்து போயிருவா.”

“ரோட்டு போடப் போறாங்க தம்பி. சபைக்கு எங்க ஒழுங்கை பேரு போயிருச்சு.”

“போடட்டும். கொங்கிறீற் காஞ்ச கையோட நான் வாறன். இப்ப நீங்க சொல்ற விலைக்கில்ல, அதுக்கு மேல போட்டுத் தாறன். ரோட்டு வந்தா வீட்டுக்கு மதிப்பு வேற. அதுமட்டும் வேற ஆருக்கும் வாக்குக் குடுத்திராதீங்க.”

அந்த விலை கிடைத்தால் வவுனியாவில், ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு அறையும் குசினியும் உள்ள வீட்டை வாங்கலாம். மாமி அதைப் போய்ப் பார்த்தும் வந்திருந்தார். யன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரி மதில் தெரியுமாம். “இனி ஒங்க அம்மாவுக்குக் கை நோகாது. மாமா தானே நடந்து போவாரு,” என்றார்.

அதற்குத்தான் அந்தக் கடிதம். பிரதேச சபைக்கு அனுப்ப, சங்கத்தின் பெயரில். பெரியப்பாவே மாமியிடம், “உங்களுக்கு என்ன வேணுமெண்டு பிள்ளையிட்டச் சொல்லி எழுதுவியுங்கோ அக்கா, நான் கூட்டத்தில வாசிக்கிறன்,” என்று சொல்லியிருந்தார்.

நான் எழுதத் தொடங்கியதும் மாமா தடியை ஊன்றி எழும்பினார். ஒழுங்கைக்கு இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, குந்தி இருந்து, மண்ணைத் தடவினார். பிறகு ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து வேலி ஓரம் வைத்தார்.

“இந்தா, இதுக்கு நேரா மதகு. ரெண்டு குழா போடணும், ஒண்ணு பத்தாது. ரோட்ட ஒசத்தப் போறாங்க. தண்ணிக்கு அடியில வழி இல்லாம ஒசத்துனாங்கன்னா இந்தப் பக்கம் எங்க வீட்டோட குளந்தான்.”

“ரெண்டு குழான்னு எழுது,” என்றார் மாமி. “தயவு செஞ்சுன்னு போடு. ரெண்டு தரம் போடு. குழாவுக்கு ஒரு தயவு.”

சொன்னபடியே எழுதினேன். இரண்டு தயவும் போட்டேன்.

கூட்டம் முன்பள்ளிக் கட்டடத்தில் நடந்தது. எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. தேத்தண்ணி குடித்ததும் ஆட்கள் எழும்பிப் போய்விடுவார்கள் என்பதால், கையெழுத்தை முதலே தனித்தாளில் வாங்கி வைத்துவிடுவார்கள். கடிதம் பிறகு எழுதி அதோடு சேர்க்கப்படும். தென்னைக்கன்றுக்கும் அப்படித்தான், மலசலகூடத்துக்கும் அப்படித்தான். யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. மாமாவும் வாசலில் நின்றபடி கையெழுத்து வைத்தார்.

பெரியப்பா என் கடிதத்தை உரக்க வாசித்தார். இரண்டு தயவு வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

“கணபதி, மலையால வந்து எங்களுக்குத் தண்ணி ஓடுறதைப் படிப்பிக்கிறாய் என்ன?” என்றார் ஐயாத்துரை அப்பு.

“ஒங்களுக்கு ஓடுற தண்ணியும் என் வீட்டுப் பக்கந்தானே அப்பு வருது. அதுனாலதான் எனக்கு வெளங்குது,” என்றார் மாமா. அதற்கும் சிரிப்பு. பெரியப்பாதான் அதிகம் சிரித்தார்.

அன்று பொழுதுபட முதல் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் வெள்ளைத் தாளும் புதிய பேனாவும். எனக்கென்று, சுற்றுத்தாள் போட்ட இரண்டு பெரிய கொப்பிகளும்.

“பிள்ளை, கடிதத்தை நல்ல தாளில வடிவா ஒருக்கா எழுதித் தா. நான் சொல்லச் சொல்ல எழுது.”

எழுதினேன். பதினெட்டுக் குடும்பங்கள், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், நோயாளி ஒருவர். எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு அவர் குரலைச் செருமிக்கொண்டு சொன்னார்: “நீர் வடிந்தோடுவதற்கு இயற்கையான வசதி உள்ளமையால் மதகு எதுவும் தேவையில்லை என்பதைத் தாழ்மையுடன் அறியத்தருகிறோம்.”

பேனா நின்றது.

“என்ன?”

“மதகு...” என்றேன்.

“அது இதில வராது பிள்ளை. மதகெண்டு போட்டா எஸ்ரிமேற் கூடும். கூடினா எங்கட ஒழுங்கையை விட்டுப்போட்டு மற்றப் பக்கத்துக்குக் குடுத்திடுவாங்கள். முதல் ரோட்டை எடுப்பம். மதகுக்கு வேற கடிதம் போடுவம், அதையும் நீதானே எழுதப்போறாய்.”

அம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். எங்கள் வளவுக்குப் பத்திரம் எடுத்துத் தந்தது பெரியப்பா. அப்பா காணாமல் போன பிறகு வீட்டுத்திட்டத்தில் எங்கள் பெயரைச் சேர்த்ததும் பெரியப்பா. அம்மா தலையை உள்ளே எடுத்தார்.

எழுதினேன். அந்த வரியின் முடிவிலும் வால் போட்டேன். கை தானாகப் போட்டது.

ஆவணியில் ரோட்டு வந்தது. முதலில் பெக்கோ மெசின் வந்து ஒழுங்கையைக் கிளறியது. அகலம் போதாது என்றார்கள். எதிர்க்காணியில் கொங்கிறீற் தூண் நட்டுக் கம்பி அடித்தாயிற்று, அதைப் பிடுங்க முடியாது, நீங்கள் கொஞ்சம் விட்டுக்குடுங்கோ அக்கா என்று பெரியப்பா கேட்டார். மாமி நாலடி விட்டுக் கொடுத்தார். வேலிக் கதியால்களைப் பிடுங்கி உள்ளே நட்டது மாமியும் நானும். நட்ட கோட்டில் ஒரு தேசிமரம் நின்றது, காயும் பூவுமாக. அதையும் மாமி வெட்டச் சொன்னார். பிஞ்சுகளைப் பொறுக்கி ஊறுகாய் போட்டார். மாமாவின் வெள்ளைக் கல்லை மட்டும் யாரும் பார்க்காத நேரம் எடுத்துப் புது வேலியோடு நகர்த்தி வைத்தார்.

வெட்டிய மண் டிப்பர் டிப்பராக எதிர்க்காணிக்குள் கொட்டுப்பட்டது. ரோட்டு பள்ளத்தில் மூன்றடி உயர்ந்தது. பலகை அடித்து, கல்லும் மணலும் சீமெந்தும் குழைத்துக் கொட்டினார்கள். பதினொரு பேர் வேலை. வெயில் அப்படி எரித்தது. மாமி அவர்களுக்குக் காலையில் ரொட்டியும் கட்டைச் சம்பலும், பத்து மணிக்குத் தேத்தண்ணியும் கொடுத்தார். கொட்டிய கொங்கிறீற் வெடிக்காமல் இருக்க வைக்கோல் பரப்பித் தண்ணீர் ஊற்றவேண்டும். அவருடைய கிணற்றிலிருந்து ஏழு நாளும் அள்ளி ஊற்றினோம்.

மூன்றாம் நாள், கொங்கிறீற் வெள்ளைக் கல்லுக்கு நேரே வந்தபோது, மாமி தேத்தண்ணிக் கேத்திலோடு நின்று கேட்டார்.

“குழா எங்க தம்பி?”

மேற்பார்வை செய்தவர் தாளை விரித்துப் பார்த்தார். “இந்த ஒழுங்கைக்குக் குழாய் இல்லை அம்மா.”

“இருக்கும். நல்லாப் பாருங்க. எழுதியிருக்கோம்.”

பெரியப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். “அக்கா, அது வேற காசு. மழைக்கு முதல் வரும். வெட்டிப் போட்டுக் குழாய் வைப்பினம். இப்ப வேலையை மறிச்சா கலவை இறுகிப் போயிடும்.”

மாமி என்னைப் பார்த்தார். “எழுதுனோம்தானே புள்ள? ரெண்டு தயவு போட்டு?”

தலையை ஆட்டினேன். இந்த முறை அவர் வாயால் சொல்லச் சொல்லவில்லை.

ரோட்டு போட்ட பிறகு எங்கள் ஒழுங்கையை எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கையின் கடைசிவரை வந்தது. மீன்காரர் கூப்பிடாமலே வந்தார். நாலு வீட்டுக்காரர் படலையை எடுத்துவிட்டு இரும்புக் கேற் போட்டார்கள். வவுனியாவில் இருக்கிற சொந்தக்காரர்கள் வான் பிடித்து வந்து, வெள்ளை ரோட்டில் நின்று படம் எடுத்தார்கள். எங்கள் வளவையும் ஒருவர் விலை கேட்டார். அம்மா அதை இரண்டு நாள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்க்காணியில் மண் நிரவி, கயிறு பிடித்து ஆறு துண்டாக்கி, ‘காணி விற்பனைக்கு’ என்று பலகை நட்டார் பெரியப்பா.

ஸுஹைர் நானாவும் வந்தார், ஓட்டோவில், வாசல் வரைக்கும். “சொன்ன சொல் சொன்னதுதான் அம்மா. கார்த்திகைக் கடைசியில தம்பி வாறான். வந்த கையோட எழுதுவம்.” மாமி அவருக்குத் தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல் ஒன்று கொடுத்தார். தான் வெட்டிய மரத்தின் காய் என்று சொல்லவில்லை.

மற்றக் கடிதம் எழுதப் பெரியப்பா வரவில்லை. நான் அவருடைய சைக்கிள் மணிக்குக் காத்திருந்தேன். புரட்டாசி போனது, ஐப்பசி போனது.

கார்த்திகை இரண்டாம் கிழமை மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. தண்ணீர் வழக்கமான பாதையால் மாமியின் வளவுக்குள் வந்து, ரோட்டில் முட்டி, நின்றது. பிறகு திரும்பியது. முதல் நாள் மாட்டுக்கொட்டில். இரண்டாம் நாள் கிணறும் வளவும் ஒன்றாகின. மூன்றாம் நாள் விடிய விறாந்தைக்கு ஏறி, சிவப்புத் தரையை மூடி, அலுமாரியின் கீழ்த்தட்டுக்குள் போனது. கோழிகள் கூரையில். மாமா கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்.

அவரை மறுபடியும் அதே கதிரையில் தூக்கினோம். முன்பு வீட்டிலிருந்து பெரிய ரோட்டுவரை தூக்கினோம். இப்போது இடுப்பளவு தண்ணீரிலிருந்து வாசல் ரோட்டுக்கு. ரோட்டில் ஒரு சொட்டு நிற்கவில்லை. கழுவிவிட்டது போல மினுங்கியது. மாமா இந்த முறை மாடுகளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளைக் கல் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு போனார். அது தண்ணீருக்குள் இருந்தது.

மழை விட்ட ஐந்தாம் நாள் ஸுஹைர் நானா வந்து ரோட்டில் நின்றார். கீழே இறங்கவில்லை. இறங்க இடமில்லை. சுவரில் யன்னலுக்குக் கீழே தண்ணீர் நின்ற கோடு தெரிந்தது. சிவப்புத் தரை மேலே சாம்பல் நிறத்தில் சேறு.

“அம்மா,” என்றார். “ரோட்டு நல்லாத்தான் இருக்கு. வீடுதான் ரோட்டுக்குக் கீழ போயிட்டுது.”

“மதகு வந்தா வடிஞ்சிரும் தம்பி. எங்க வீட்டுக்காரரு கான் வெட்டுனவரு. அவரு சொன்னா சரியா இருக்கும்.”

“வரட்டும். ஆனா என்னால தம்பிர சின்னப் பிள்ளையளக் கொண்டு வந்து இதுக்குள்ள விட ஏலாது. தலைவர் எதிர்க்காணியைக் காட்டினவர். மேடாக் கிடக்கு. அதில ரெண்டு துண்டு எடுக்கிறம். உங்களிட்டச் சொல்லாம எடுக்கிறது சரியில்லையெண்டுதான் வந்தனான். கோவிக்காதீங்க.”

மாமி கோபிக்கவில்லை. ஸுஹைர் நானா போன பிறகு நேராகப் பெரியப்பா வீட்டுக் கேற்றுக்குப் போனார். நான் எங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

“ஏன் தம்பி, மழைக்கு முதல்ல வரும்னு சொன்னீங்களே?”

“நான் என்ன செய்ய அக்கா? சங்கம் கேட்டுத்தான் எழுதினது. அவங்கள் தரேல்லை. நம்பாட்டி சபையில போய்க் கேட்டுப் பாருங்கோ.” மாமி போகமாட்டார் என்று நினைத்துத்தான் பெரியப்பா அப்படிச் சொன்னார். வாசிக்கத் தெரியாத மனுசி, எந்த மேசைக்குப் போவது என்றும் தெரியாது.

மாமி வேலிப் பக்கம் திரும்பினார். “நாளைக்கு வெள்ளன வா புள்ள. நீதானே எழுதுன. நீ வந்து சொன்னா அவங்களால மறுக்க ஏலாதுல்ல.”

மதகு வேண்டாம் என்று நான் எழுதியதை அம்மாவிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். கைப்பிடிச் சுவரில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகை நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரியும். நானும் கேட்டனான்தானே. பெரியப்பாவைப் பகைச்சுக்கொண்டு இந்த வளவில எங்களால இருக்கேலாது. போ. போய் வாயைத் திறவாம நில். அது உனக்கு வரும்தானே.”

அடுத்த நாள் மாமாவை முதல் பஸ்ஸில் அயலவர் ஒருவரோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் சபைக்குப் போனோம். மாமி பெட்டகத்தில் இருந்த நல்ல சீலையைக் கட்டியிருந்தார். கரையில் சேற்று நிறம் ஏறியிருந்தது. பஸ்ஸில் மடியை அவிழ்த்துக் கச்சானை என் கையில் கொட்டினார்.

“தின்னு. நனையாமத் தப்புனது இது மட்டுந்தான். கூரைத் தீராந்தியில கட்டியிருந்தேன்.” பிறகு, “அந்த வவுனியா வீடு இன்னும் விக்கல்லயாம். குழாவ மட்டும் வச்சாங்கன்னா, சுண்ணாம்பு அடிச்சு, தரையத் தேச்சு... வேற யாரும் வாங்காமலா போயிருவாங்க?”

அப்போது சொல்லியிருக்கலாம். பஸ் இரண்டு இடத்தில் நின்றது. கொட்டைகளைத் தோல் உரித்து உரித்துக் கையில் வைத்திருந்தேன். தின்னவில்லை.

சபையில் இருந்த எழுதுவினைஞர் நல்ல மனிதர். எங்களுக்குக் கதிரை தந்தார். ஒழுங்கையின் பெயரைக் கேட்டு, கோவையைத் தேடி எடுத்து, தூசி தட்டி, புரட்டினார். வாசித்தார். நெற்றியைச் சுருக்கினார்.

“அம்மா, உங்கட சங்கம் மதகு கேக்கேல்லையே. வேண்டாமெண்டெல்லோ எழுதியிருக்கு.” அந்த வரியை வாசித்தார். முழுவதும். தாழ்மையுடன் அறியத்தருகிறோம் வரைக்கும். “இஞ்ச கையெழுத்துத் தாளில உங்கட கணவர்ர பெயரும் இருக்கு. கணபதி.”

மாமி எழும்பிவிட்டார். “இல்லீங்க ஐயா! இது வேற கடுதாசி. தலைவரு மாத்தி எழுதியிருக்காரு. எங்க கடுதாசிய இந்தப் புள்ளதான் எழுதுச்சு, நான் சொல்லச் சொல்ல. கேளுங்க, புள்ளகிட்டக் கேளுங்க!” என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். “சொல்லு புள்ள. வாயத் தொறந்து சொல்லு.”

எழுதுவினைஞர் என்னைப் பார்த்தார். கையில் கச்சான் வியர்த்திருந்தது.

“அது ஆர்ர எழுத்தெண்டு எங்களுக்குத் தெரியாது அம்மா,” என்றார் அவர், கோவையை மாமியின் பக்கம் திருப்பி. “நீங்களே பாருங்கோ.”

மாமி குனிந்தார். வாசிக்கத் தெரியாத கண் முதலில் தாள் முழுவதிலும் அலைந்தது. பிறகு ஒரு வரியின் முடிவில் நின்றது. அடுத்த வரியின் முடிவுக்குப் போனது. அதற்கும் அடுத்ததுக்கு.

தோளில் இருந்த கை விலகியது.

பைக்குள் கையை விட்டு, மாமாவின் மருந்து உறை ஒன்றை எடுத்தார். காலை இரண்டு, இரவு ஒன்று. சூரியன், நிலா. அதைக் கடிதத்துக்குப் பக்கத்தில், மேசையில், சரியாக வைத்தார். இரண்டையும் பார்த்தார். மின்விசிறிக் காற்றில் உறை அசைந்தது, விரலால் அமர்த்திப் பிடித்தார்.

“மாமி,” என்றேன்.

அவர் உறையை எடுத்து, மடிப்பைச் சரிசெய்து, பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடினார். குடை கதிரையில் சாத்தியிருந்தது. அதை எனக்கு விட்டுவிட்டு, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, தூறலுக்குள் இறங்கி நடந்தார்.